கறுப்புத் திரை யாருடைய குற்றம்?

லினக்ஸில் சிஸ்டம் அப்டேட் முடிகிறது. மறுபடி ஆன் செய்தால் திரை கறுப்பாக நிற்கிறது. இடது மூலையில் ஒரு கோடு மினுக்குகிறது, சில நேரம் அதுவும் இல்லை. இந்த நிலையில் உதவி கேட்டுப் போகிறவருக்கு நம் ஊரில் கிடைக்கும் பதில்கள் மூன்றுதான். ஒன்று, "உன்னை யாரு அப்டேட் பண்ணச் சொன்னது?" இரண்டு, "மேனுவலைப் படிச்சியா?" மூன்று, "பேசாம விண்டோஸ் போட்டுட்டுப் போ." முதலாமவர் அனுபவசாலி, இரண்டாமவர் நிபுணர், மூன்றாமவர் நலம்விரும்பி. இந்த மூவருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது. ஆனால் ஒரு விஷயத்தில் மூவரும் ஒரே கட்சி: தப்பு கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் மேல்.

இந்தக் கட்டுரை அந்தக் கட்சிக்கு எதிராக எழுதப்படுவது. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கறுப்புத் திரைகளில் கணிசமானவை, பொருளை விற்றுவிட்டு அதன் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளும் ஒரு வியாபார முறையிலிருந்து வருகின்றன. அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று பேசிப் பேசியே அந்த வியாபாரிக்கு நாம் சம்பளமில்லாத வக்கீல்களாக ஆகிவிட்டோம்.

*

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எங்கள் ஜூஜுவாடி பக்கத்தில் டிரைவர் என்றால் செக்போஸ்டில் லாரியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிப்பவர். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவருக்கு அந்தப் பெயர் பொருந்தவே இல்லை. அதைத் துபாஷி என்று சொல்லலாம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம். நினைவகம், செயலி, டிஸ்க் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது. அதற்கு ஒரு மொழி. கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேறொரு மொழி. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுப்பவர் துபாஷி. பாண்டிச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை டூப்ளேவுக்குச் செய்த வேலையின் மின்னணு வடிவம்.

துபாஷி யாருடைய ஆள் என்பதுதான் கேள்வி. இன்டெல், ஏ.எம்.டி கார்டுகளுக்கான கெர்னல் டிரைவர் லினக்ஸின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் சுவரை இடித்து அறையை மாற்றுகிறவர், அந்த அறையில் இருக்கும் துபாஷிக்கும் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் வேலையை முடிக்க முடியும். அது லினக்ஸ் சமூகத்தின் வழக்கம்: உள் இடைமுகத்தை மாற்றுகிறவரே, அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் சேர்த்துத் திருத்த வேண்டும். என்விடியாவின் டிரைவர் அந்த வீட்டுக்குள் இல்லை. அது கம்பெனியின் ஆள். வெளியில் குடியிருந்து தினமும் வந்து போகிறவர். வீட்டுக்குள் என்ன மாறியது என்று அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை, அவர் கம்பெனியில் என்ன பேசிக்கொள்கிறார் என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது.

அதனால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டும் ஒரு சூதாட்டமாகிறது. புதிய கெர்னலுக்கேற்ப டிரைவரின் ஒரு பகுதி மறுபடி கம்பைல் ஆக வேண்டும். டி.கே.எம்.எஸ் என்ற ஏற்பாடு அதைப் பின்னணியில் செய்கிறது. கெர்னலின் ஹெடர் கோப்புகள் கையில் இல்லை என்றால் அந்த வேலை தோற்கும். அப்டேட்டோ எல்லாம் சரி என்பது போல முடிந்துவிடும். கம்பைல் ஆனாலும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், கையெழுத்து இல்லாத பாகத்தைக் கெர்னல் உள்ளே விடாது. பர்மிட் இல்லாத வெளிமாநில வண்டிக்கு அத்திப்பள்ளியில் நடப்பதுதான். கெர்னலுக்குள் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்க, வெளியே இருக்கும் நூலகக் கோப்புகள் மட்டும் புதுசாகிவிட்டால், பதிப்புப் பொருந்தவில்லை என்று ஒற்றை வரி வரும். இது ஒன்றுதான் ரீஸ்டார்ட் செய்தால் போகிற வியாதி. நூவோ என்கிற சுதந்திர டிரைவரும் கம்பெனி டிரைவரும் ஒரே கார்டைப் பிடிக்கப் போட்டி போட்டு இரண்டும் விழுவது இன்னொரு வகை.

இவற்றுக்கெல்லாம் கைமருந்து உண்டு. கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போகலாம். திரை கறுப்பாக இருந்தாலும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்து முனையம் கிடைக்கும். அங்கிருந்து, கார்டை இப்போது எந்த டிரைவர் பிடித்திருக்கிறது, டி.கே.எம்.எஸ் எந்தக் கெர்னலுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது, செக்யூர் பூட் எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த வரிசையில் பார்த்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஆனால் இன்னொரு வகைக் கறுப்புத் திரை இருக்கிறது. அதற்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் போதாது. என் சண்டை அதைப் பற்றியது.

*

2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. என்விடியாவின் 590 வரிசை டிரைவர் பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளையும் அதற்கு முந்தையவற்றையும் கைவிடுகிறது. ஆகவே இனி வழக்கமான தொகுப்புகளில் இருப்பது புதிய கார்டுகளுக்கான திறந்த கெர்னல் பாகம் மட்டுமே. பழைய கார்டு வைத்திருப்பவர் சும்மா அப்டேட் செய்தால் வரைகலைச் சூழல் எழாது. அவர் அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு, பயனர்கள் பராமரிக்கும் கிடங்கிலிருந்து 580 வரிசையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பாஸ்கல் என்றால் என்ன? ஜிடிஎக்ஸ் 1050, 1050 டிஐ, 1060, 1070, 1080. 2016-இல் வரத் தொடங்கியவை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் செகண்ட் ஹேண்டில் கார்டு தேடியவர்களுக்கு இந்த எண்கள் வீட்டு நம்பர் மாதிரி மனப்பாடம். இந்தியாவில் கொஞ்சப் பணத்தில் கேம் விளையாடியவர்கள், பிளெண்டர் கற்றவர்கள், மெஷின் லேர்னிங் பழகியவர்கள் என்று ஒரு தலைமுறையே இந்தக் கார்டுகளில் கை பழகியது.

"ஒன்பது வருஷம் சப்போர்ட் குடுத்தாங்களே, போதாதா?" என்று கேட்பார்கள். முதலில், அந்த ஒன்பது வருடம் 2016-இல் வாங்கியவருக்குத்தான். 2021 சிப் தட்டுப்பாட்டின்போது 1050 டிஐ மறுபடி சந்தைக்கு வந்தது. அப்போது கடையில் புதுசாக வாங்கியவருக்குக் கிடைத்தது அதில் பாதி. ஆனால் என் வாதம் ஆண்டுக்கணக்கில் இல்லை. கம்பெனி என்றாவது ஒருநாள் நிறுத்தத்தான் செய்யும். யாரும் யாருக்கும் காலமெல்லாம் வேலை செய்துகொண்டிருக்க முடியாது. நிறுத்தும்போது வேறு ஒருவர் எடுத்து நடத்த வழி விடுகிறாயா என்பதுதான் கேள்வி. பாஸ்கல் விஷயத்தில் அந்த வழி இல்லை. அது தற்செயலாக நடந்ததும் இல்லை. கதை கொஞ்சம் பின்னால் போகிறது.

நூவோ டிரைவர் 2000-களின் நடுவில் தொடங்கியது. என்விடியா தன் கார்டுகளின் ஆவணங்களைக் கொடுக்காததால், கம்பெனி டிரைவர் கார்டுக்கு என்ன எழுதுகிறது, கார்டு என்ன பதில் சொல்கிறது என்று ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டே அந்த மொழியைக் கற்றார்கள். 2010-இல் அது லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. ஊமை பாஷையை வைத்தே அகராதி எழுதிய மாதிரியான உழைப்பு அது. பிறகு 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து என்விடியா ஒரு பூட்டுப் போட்டது. கார்டின் முக்கியமான உள் பாகங்களை இயக்கும் ஃபர்ம்வேரில் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தாக வேண்டும். கையெழுத்து இல்லாமல் கார்டின் வேகத்தை உயர்த்த முடியாது. ஆகவே நூவோவில் இந்தக் கார்டுகள் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது இருக்கும் ஆரம்ப வேகத்திலேயே நிற்கின்றன. லாரி நன்றாக இருக்கிறது, டீசல் இருக்கிறது, ஆனால் முதல் கியருக்கு மேல் போடக்கூடாது என்று கம்பெனி சீல் வைத்திருக்கிறது.

2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பாகத்தின் மூலநிரலை வெளியிட்டது. உலகமே கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்தபிறகு சிறு எழுத்துகளைப் படித்தவர்கள் மூன்று விஷயம் கவனித்தார்கள். ஒன்று, அது டூரிங் தலைமுறைக்கும் பிறகு வந்தவற்றுக்கும் மட்டும். அதாவது 2018-க்குப் பிறகான கார்டுகள். இரண்டு, டிரைவரின் மூளை பெரும்பாலும் கார்டுக்குள்ளேயே ஓடும் மூடிய ஃபர்ம்வேருக்கு இடம் மாறியிருந்தது. கெர்னலுக்கு வெளியே இருக்கும் நூலகங்களும் மூடியவையே. மூன்று, முதல் வெளியீட்டில் டேட்டா சென்டர் கார்டுகளுக்கு மட்டும் 'பயன்பாட்டுக்குத் தயார்' என்ற முத்திரை. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கு 'ஆல்ஃபா தரம்'. கதவு யார் தட்டியதால் திறந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இப்போது பாஸ்கல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பூட்டு வந்த பிறகு பிறந்ததால் நூவோ அதை முழு வேகத்தில் ஓட்ட முடியாது. கதவு திறப்பதற்கு முன்னால் பிறந்ததால் புதிய திறந்த டிரைவர் அதைச் சேர்த்துக்கொள்ளாது. கம்பெனியின் பழைய டிரைவர் 580-ஓடு நிற்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் சில ஆண்டு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவும் நின்றபின் கெர்னல் தன் போக்கில் மாறிக்கொண்டே போகும், ஒருநாள் அந்த டிரைவர் கம்பைல் ஆகாது. கார்டில் ஒரு கெபாசிட்டர்கூடப் போகாமல் கார்டு செத்துவிடும்.

இதற்கு முன்னால் போனவையும் உண்டு. ஜிடி 730 என்று ஒரே பெயரில் இரண்டு வேறு தலைமுறைச் சிப்களை விற்றார்கள், ஃபெர்மி ஒன்று, கெப்லர் ஒன்று. ஃபெர்மிக்கு 390 வரிசையோடு முடிந்தது, ஆதரவு 2022 இறுதி வரை. கெப்லருக்கு 470 வரிசை, 2024 வரை. பெட்டியின் மேல் ஒரே எண்தான். உள்ளே இருப்பவருக்கு ஆயுள் எவ்வளவு என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? இந்த நிலையில் ஒருவரைப் பார்த்து "மேனுவலைப் படிச்சியா" என்று கேட்பதற்கு ஒரு தனி மனது வேண்டும்.

*

இது கேம் விளையாடுகிற பையன்களின் பிரச்சினைதானே என்று நினைப்பவர்கள் ஜூஜுவாடியிலிருந்து சிப்காட் வரை ஒரு நடை நடக்கலாம். பெரிய கம்பெனிகளின் மதில்களைத் தாண்டி உள்சந்துகளில் போனால் ஜாப் ஒர்க் பட்டறைகள். நாலு மெஷின், ஆறு ஆள், வாசலில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். மேலே இருக்கும் கம்பெனி தரும் டிராயிங்படி ஒரு புஷ்ஷோ பிராக்கெட்டோ செய்து கொடுப்பவர்கள். ரிஜெக்ஷன் வந்தால் அந்த லாட்டின் லாபம் போச்சு. இப்படி ஒரு பட்டறையில், இன்ஜினியரிங் முடித்த பையன் ஒருவன், செகண்ட் ஹேண்ட் 1060 கார்டையும் ஒரு கேமராவையும் வைத்து, பாகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு ஏற்பாட்டைச் செய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஷ்டமான கற்பனை இல்லை. இதற்கு வேண்டிய மென்பொருள் எல்லாம் இலவசம். கார்டுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. ஒருநாள் அப்டேட்டுக்குப் பிறகு திரை எழவில்லை.

"கார்டு போயிடுச்சா தம்பி?"

"இல்லண்ணா, கார்டு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?"

"அதை ஓட்டுற டிரைவர்ல இருந்து நம்ம கார்டை எடுத்துட்டாங்க."

"நம்மளக் கேக்காமலா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பையனிடம் பதில் இருக்காது. 580-ஐத் தேடிப் போட்டு அன்றைக்கு ஓட்டிவிடுவான். ஆனால் கார்டில் கணக்குப் போட உதவும் கூடா மென்பொருளின் 13-ஆம் பதிப்பும் பாஸ்கலைக் கைவிட்டுவிட்டது. அதன் மேல் நிற்கும் நூலகங்களும் ஒவ்வொன்றாகக் கைவிடும். பழைய பதிப்புகளை அப்படியே உறைய வைத்து, நெட் கனெக்ஷனைப் பிடுங்கிவிட்டு, யாரும் தொடாதே என்று பேப்பர் ஒட்ட வேண்டியதுதான்.

"அப்டேட் பண்ணாதே" என்ற அனுபவசாலியின் அறிவுரை இங்கேதான் கொண்டுவிடுகிறது. அப்டேட்டில் வருவது அலங்காரம் மட்டும் என்று நினைப்பவர்கள் 2022-இல் வெளியான 'டர்ட்டி பைப்' ஓட்டையை நினைத்துக்கொள்ளட்டும். சாதாரணப் பயனர் ஒருவர், தான் எழுதவே அனுமதியில்லாத கோப்பில் எழுதி, கணினியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள வழி செய்த கெர்னல் ஓட்டை அது. திருத்தம் அப்டேட்டில்தான் வந்தது. ஆக, கார்டு வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க வைக்கிறோம். இரண்டுக்கும் அவர் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார் அல்லது இரண்டுமே அவருக்கு உரியவை.

இந்த ஊர் இன்னொரு பாடமும் சொல்கிறது. 1980-இல் இதே ஓசூரிலிருந்து டி.வி.எஸ் 50 வெளியே வந்தது. அந்த மாடல் நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு எந்த மெக்கானிக்கிடம் போனாலும், கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டித் தருவார். பாகம் கிடைக்காவிட்டால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். கம்பெனியின் கையெழுத்து இல்லாமல் பிஸ்டன் மேலே ஏற மாட்டேன் என்று சொல்வதில்லை. கம்பெனி அந்த வண்டிக்கு சப்போர்ட் கொடுக்கவில்லை என்று யாரும் கோபப்படவும் இல்லை; கோபப்படத் தேவை வரவில்லை. விற்றது விற்றதுதான், வாங்கியவன் பாடு. ஒரு பொருளைச் சொந்தமாக வைத்திருப்பது என்றால் இதுதான் நமக்குத் தெரியும். கிராஃபிக்ஸ் கார்டை வாங்கும்போதும் நாம் இந்த அர்த்தத்தில்தான் பணம் கொடுக்கிறோம். விற்கிறவர் வேறு அர்த்தத்தில் வாங்கிக்கொள்கிறார்.

*

எதிர்த்தரப்பில் நல்ல வாதங்களும் இருக்கின்றன. பலமான ஒன்று: குற்றவாளி லினக்ஸ்தான். விண்டோஸில் பழைய டிரைவர் வருடக்கணக்கில் ஓடுகிறது. லினக்ஸ் கெர்னல் மட்டும் தன் உள் இடைமுகத்தை நிலையாக வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கொள்கையாகவே அறிவித்திருக்கிறது. கெர்னலின் ஆவணங்களிலேயே, நிலையான உள் இடைமுகம் வேண்டும் என்ற கோரிக்கையை அர்த்தமற்றது என்று கோப்பின் பெயரிலேயே சொல்லி மறுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. பயனர்களின் செயலிகளை உடைக்க மாட்டோம் என்று தொண்டை கிழியக் கத்துகிற லினஸ் டோர்வால்ட்ஸ், வெளியே இருக்கும் டிரைவர் உடைந்தால் கண்டுகொள்வதில்லை. அப்டேட்டுக்குப் பிறகு அவஸ்தைப்படுபவருக்கு இந்த வேறுபாடு வெறும் வேதாந்தம்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்தக் கொள்கையின் சுமை சாதாரணப் பயனர் தலையில்தான் விழுகிறது. கெர்னல் எழுதுகிறவர்கள் அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் வெட்கத்தோடு பேசலாம். ஆனால் அந்தக் கொள்கை எதைச் சாதித்தது என்றும் பார்க்க வேண்டும். உள்ளே வந்தால் உன்னைப் பராமரிப்போம், வெளியே நின்றால் உன் பாடு என்ற அந்த விதிதான், டிரைவர்களைப் பொதுச்சொத்தாக மாற்றியது. நிலையான இடைமுகம் ஒன்று இருந்திருந்தால் எல்லாக் கம்பெனிகளும் மூடிய டிரைவரை எறிந்துவிட்டுப் போயிருக்கும். அப்போது கறுப்புத் திரை இன்றைக்கு வராது. கம்பெனி கைவிட்ட பிறகு வரும். அன்றைக்கு அதைத் திருத்த யாருக்கும் எதுவும் கையில் இருக்காது.

இதற்கு ஆதாரமாக ஏ.எம்.டியை எடுத்துக்கொள்ளலாம். 2007-இல் அந்த நிறுவனம் தன் கார்டுகளின் ஆவணங்களைத் திறந்துவிடுவதாக அறிவித்தது. 2012-இல் சந்தைக்கு வந்த ரேடியான் எச்.டி 7970 போன்ற கார்டுகளை, லினக்ஸ் 6.19 கெர்னல் பழைய டிரைவரிலிருந்து புதிய ஏ.எம்.டி.ஜி.பி.யு டிரைவருக்கு மாற்றியது. பதினான்கு வருடத்துக்கு முந்தைய கார்டு, அப்டேட்டில் இன்னும் நன்றாக ஓடத் தொடங்குகிறது! அந்த வேலையைச் செய்ததும் ஏ.எம்.டி இல்லை; வால்வ் என்ற கேம் நிறுவனத்துக்காக வேலை பார்க்கும் பொறியாளர். கம்பெனி களைத்துப் போனாலும் வேறொருவர் தோள் கொடுக்க முடிந்தது, சாவி பொதுவில் இருந்ததால்.

ஏ.எம்.டியைப் புனிதர் ஆக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய கார்டுகளுக்குள்ளும் மூடிய ஃபர்ம்வேர் ஓடுகிறது. கணக்குப் போடும் வேலைக்கான அவர்களின் ராக்எம் மென்பொருளும் பழைய கார்டுகளை ஈவிரக்கமில்லாமல் கழற்றிவிட்டிருக்கிறது. அங்கேயும் அப்டேட்டில் பிழைகள் வரும். வித்தியாசம் ஒன்றுதான்: அந்தப் பிழையைத் திருத்த முடிந்தவர்கள் உலகத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குள் அடைபட்டு இருப்பதில்லை.

*

இனி நம் ஆட்கள். 2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், என்விடியா கார்டு உள்ள லேப்டாப்போடு மல்லுக்கட்டிய ஒரு பார்வையாளர் கேள்வி கேட்க, டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். தாங்கள் கையாண்டதிலேயே மோசமான நிறுவனம் அது என்றார். அந்த வீடியோவைப் பார்க்காத லினக்ஸ்காரர் கிடையாது. ஸ்டிக்கராக ஒட்டினோம், மீமாகப் போட்டோம், சிரித்தோம். அதற்குப் பிறகு பத்து வருடம் அந்தக் கதவு மூடியேதான் இருந்தது. விரலைக் காட்டுவதை அரசியல் என்று நினைத்துக்கொண்டதுதான் நடந்தது. திரும்பி வந்து, கறுப்புத் திரையோடு நிற்கும் புதியவரிடம் காட்டியதும் வேறொரு விரல், அது சுட்டுவிரல்.

"மேனுவலைப் படி" என்பது ஒரு படிநிலையைக் காப்பாற்றும் வாக்கியம். கஷ்டப்பட்டுக் கற்றவனுக்கு, தன் கஷ்டம் ஒரு தகுதியாகத் தோன்றுகிறது. அந்தக் கஷ்டமே தேவையற்றது, ஒருவர் வேண்டுமென்றே போட்ட பூட்டால் வந்தது என்று சொன்னால் தகுதி கரைந்துவிடும். அதனால் பூட்டைக் குறை சொல்வதைவிடப் பூட்டைத் திறக்கத் தெரியாதவரைக் குறை சொல்வது சுகமாக இருக்கிறது. தமிழில் இதற்கு மாறாக நடந்தவையும் உண்டு. 2012 முதல் 'கணியம்' போன்ற முயற்சிகள் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பொறுமையாக விளக்கிவருகின்றன. ஆனால் பட்டறைக்காரருக்குத் தேவையான கேள்வி, "இந்தக் கார்டை வாங்கலாமா? எத்தனை வருஷம் வரும்? கம்பெனி விட்டா யார் பாப்பாங்க?" என்பது. அதற்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்தால், நூறு மீமுக்குச் சமம்.

அரசும் இதில் கேள்விக்கு அப்பாற்பட்டது இல்லை. எல்காட் நிறுவனத்துக்கு உமாசங்கர் ஐ.ஏ.எஸ் தலைமை வகித்த 2006-07 காலத்தில் அது தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன. லட்சக்கணக்கில் வாங்குகிற ஒருவருக்குக் கம்பெனி பணியும். எஸ்.பி. ரோட்டில் ஒற்றைக் கார்டு வாங்குகிறவருக்குப் பணியாது. மத்திய அரசின் 2015 திறந்த மூல மென்பொருள் கொள்கை மென்பொருளைப் பற்றிப் பேசுகிறது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' தளத்தைத் திறந்தது. செல்போன், மின்னணுப் பொருள், வாகனம், விவசாயக் கருவி எல்லாம் அதில் உண்டு. உதிரிபாகம் எங்கே கிடைக்கும், சர்வீஸ் சென்டர் எங்கே என்பதோடு பழுதுபார்ப்பு முடிந்துவிடுகிறது என்று நினைக்கும் வரை, டிரைவர் இல்லாமல் செத்த கார்டுக்கு அங்கே மருந்து இல்லை. இன்றைய பொருட்கள் உடைவது உலோகத்தில் மட்டும் இல்லையே.

கேட்க வேண்டியதைப் பெரிய வார்த்தைகள் இல்லாமல் கேட்கலாம். முதலாவது, ஒரு கார்டுக்கு ஆதரவை நிறுத்துகிற நாளில், அதை முழு வேகத்தில் ஓட்ட உதவும் கையெழுத்திட்ட ஃபர்ம்வேரையும் அதற்கான ஆவணத்தையும் நிறுவனம் வெளியிட வேண்டும். மூலநிரலைக்கூடக் கேட்கவில்லை. நூவோக்காரர்கள் கார்டின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்ற வழி விட்டால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதற்கு முன் ஒட்டுக்கேட்டே பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். இரண்டாவது, அரசுப் பணத்தில் வாங்கும் எந்தக் கணினிக்கும், அதன் எல்லா டிரைவர்களும் லினக்ஸ் கெர்னலின் பொது மூலநிரலுக்குள் இருக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி. மூன்றாவது, பழுதுபார்க்கும் உரிமை என்பதில் ஃபர்ம்வேரும் டிரைவரும் உதிரிபாகமாகச் சேர வேண்டும்.

நான்காவது நமக்கு. கார்டு வாங்கும்போது விலை, மெமரி, எத்தனை ஃப்ரேம் என்று கேட்கிற வரிசையில், இதன் டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது. பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குத் தெரிந்து வைத்திருப்பார். செகண்ட் ஹேண்டில் 900 வரிசையோ 10 வரிசையோ லினக்ஸுக்காக வாங்குகிறவரிடம், அது எந்தக் குழிக்குள் நிற்கிற கார்டு என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை ஒருவர் கறுப்புத் திரையோடு வந்தால் முதலில் பழைய கெர்னலில் ஏற்றிவிடுங்கள், அவர் வேலை நடக்கட்டும். அப்புறம், அவர் கேட்காவிட்டாலும், அந்தத் திரையைக் கறுப்பாக்கியது யார் என்று பெயரோடு சொல்லுங்கள்.